பதினாறாவது வலை

இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்குல சாளைமீன் முள்ளு குத்தி, குத்துன எடம் சீழ் வச்சு, மூணு நாளைக்கு நான் வாயத் தெறக்க முடியாமப் போகட்டும். எங்க ஊர்ல பாதிப்பேரு அதத்தான் நேந்துக்கிட்டு இருக்காங்க, ஆனா முள்ளு இன்னும் குத்தல, அதுலயே தெரிஞ்சுக்கங்க, நான் சொல்றது அம்புட்டும் நெசம்.

கூனிமுனைக்குச் சண்டை வந்து சேந்தது ஒரு வியாழக்கிழமை காலையில. ஊர்ல யாரும் பெருசா மலைச்சுப் போகல, ஏன்னா கடல் எங்க கரையில எதத்தான் கொண்டாந்து ஒதுக்கல, ஒருக்கா செத்த திமிங்கலம் ஒதுங்குச்சு, ஒருக்கா ஒரு பெட்டி நெறைய இடதுகால் செருப்பா ஒதுங்கி ஊரே ரெண்டு வருசம் ரெண்டு காலுக்கும் இடதாவே போட்டுத் திரிஞ்சோம், அந்த வரிசையில இதுவும் ஒண்ணு. வடக்க இருந்து ஈர மணல்லயே நடந்து வந்தாங்க, முன்னால ஒரு நூறு பேரு இரும்புச் சட்டையும் சிலுவைக் கொடியுமா, பின்னால ஒரு நூறு பேரு அதே மாதிரி இரும்புச் சட்டையும் தலப்பாவும் பிறைக் கொடியுமா. எண்ணூறு வருசத்துக்கு முன்னால ஏதோ ஒரு புண்ணிய பட்டணத்துக்காக அடிச்சுக்கிட்டவங்களாம், நடுவுல ஒரு புழுதிக்காத்து அடிச்சு வழி தப்பிப்போச்சாம். முன்னால போறவனுக்கு வழி தெரியும்னு பின்னால வர்றவன் நெனைக்க, பின்னால ஒருத்தன் தொரத்துறான்னா நாம சரியாத்தான் போறோம்னு முன்னால போறவன் நெனைக்க, அப்படியே பாலைவனம் தாண்டி மலை தாண்டி ஆறு தாண்டி எங்க ஊருக்கு வந்து நின்னுட்டாங்க. அதுக்கு மேல தெக்க போக ரோடு இல்ல.

வந்தவங்க நின்ன எடம்தான் வினை. நின்னது பிரகாசிங்குறவ வலை விடுற பாட்டுல.

பாடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க ஊர்ல கரைவலை. வலையோட ஒரு கயித்தக் கரையில விட்டுட்டு, தோணி கடலுக்குள்ள ஒரு வட்டமடிச்சு வலைய விட்டுக்கிட்டே போயி, இன்னொரு கயித்த தூரமா இன்னொரு எடத்துல கொண்டாந்து குடுக்கும். ரெண்டு கூட்டம் ரெண்டு கயித்தையும் பிடிச்சு இழுக்க இழுக்க ஒருத்தர் பக்கம் ஒருத்தர் நெருங்கி வருவாங்க, கடைசியில நடுவுல மீனு கெடக்குற மடி வந்து ஏறும். நல்ல எடம் ஒண்ணே ஒண்ணுதான், அதுதான் பாடு, வலை பதினஞ்சு. அதனால நாளுக்கு ஒரு வலைன்னு முறை. வடக்குத்தெருக் கிறிஸ்தவங்க ஞாயித்துக்கிழமை வலை விடமாட்டாங்க, தெக்குத்தெரு முஸ்லிமுங்க வெள்ளிக்கிழமை விடமாட்டாங்க, அப்படி நாள் விழுந்தா ஒருத்தருக்கொருத்தர் முறைய மாத்திக்குவாங்க. ஊர்ல சாவு விழுந்தா அன்னைக்கு ஒருத்தரும் வலை விடக்கூடாது, அன்னைக்கு முறைக்காரனுக்கு மறுநாள்ல எடம். வலை கடல்ல கெடக்கும்போது கரையில நிக்கிறவன் எவனா இருந்தாலும் கயித்துல கை போடணும், கை போட்டவனுக்குப் பங்கு உண்டு. கடைசியா, மூணு முறை தொடர்ந்து வலை எறக்காதவனுக்குப் பாட்டுல உரிமை போச்சு, திரும்பக் கெடைக்காது. இம்புட்டையும் வலைக்கொட்டகைச் செவுத்துல கரியால எழுதி வச்சுக் காத்துக்கிட்டு இருந்தவரு முறைக்காரர் இஞ்ஞாசி. மனுசன் சிரிச்சு யாரும் பாத்ததில்ல, அவரு கல்யாணப் போட்டோவுலயும் முறைச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு.

பிரகாசி புருசன் கஸ்பார் போன வருசம் காய்ச்சல்ல போயிட்டான். பிள்ளையில்ல. அவன் விட்டுட்டுப் போனது ஒரு வலையும் அந்த ஒரு நாள் முறையும்தான். முறை இருக்குற வரைக்கும் அவ வலைக்காரி, முறை போச்சுன்னா அடுத்தவன் கயித்துல கூலிக்குத் தொங்குறவ, வித்தியாசம் அம்புட்டுத்தான், ஆனா அம்புட்டும் அதுதான்.

அந்த வியாழக்கிழமை அவ முறை. வலை மணல்ல விரிச்சுக் கெடக்கு, தோணி தயாரா நிக்குது, அந்த நேரம் பாத்து இவங்க ரெண்டு பக்கமும் திரும்பி நின்னு ஒருத்தர் மேல ஒருத்தர் பாஞ்சாங்க. பாஞ்சாங்கன்னா ஏதோ ஆவேசமான்னு நெனச்சுக்காதீங்க, ஆபீசுல கையெழுத்துப் போட வர்ற மாதிரி வந்து வெட்டிக்கிட்டாங்க, ஒருத்தன் வெட்டுறதுக்கு முன்னால கொட்டாவி விட்டான், வெட்டு வாங்குனவன் கொட்டாவி முடியட்டும்னு நின்னான். பொழுது அடையுற வரைக்கும் வெட்டு, அடைஞ்சதும் செத்துக் கெடந்தவன்லாம் எந்திரிச்சு மணலத் தட்டிவிட்டு, அறுந்த கை ஒட்டி, பிளந்த மண்டை மூடி, அவனவன் செருப்பத் தேடிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் போனான். எண்ணூறு வருசமா இதே பொழப்பு. பாவம், சாவுகூட அவங்களுக்கு அரைநாள் லீவுதான். ஆனா பிரகாசி வலை எந்திரிக்கல. இருநூறு பேரு கத்தியோட மேல நின்னு ஆடுனதுல அது கந்தலாக் கெடந்துச்சு. முறை ஒண்ணு போச்சு.

சாயங்காலம் கொட்டகையில கூட்டம் போட்டாங்க. மாதா கோயில் சாமியாரும் பள்ளிவாசல் லெப்பையும் வந்தாங்க. இது நம்ம ஆளுங்க, இது உங்க ஆளுங்கன்னு யாராவது ஆரம்பிச்சிருவாங்களோன்னு எல்லாருக்கும் பயம். ஆனா இஞ்ஞாசிக்கு அந்தக் கவலையே இல்ல, அவருக்கு வேற கவலை. கரையில முறையில்லாம ஒண்ணு நடக்குதே, அது எப்படின்னு. மனுசன் எந்திரிச்சுப் போயி, செவுத்துல பதினஞ்சு வலைக்குக் கீழ பதினாறுன்னு போட்டு, பக்கத்துல 'சண்டை'ன்னு எழுதிட்டு வந்து உக்காந்தாரு. சண்டைய வலைக் கணக்குல சேத்த ஊரு உலகத்துல எங்க ஊரு ஒண்ணுதான். பதினாறு நாளைக்கு ஒருக்கா அவங்க அடிச்சுக்கலாம், மத்த நாள்ல கரைய விட்டு ஒதுங்கணும், மீறுனா ஊத்துத் தண்ணி கெடையாது, அம்புட்டுத்தான் தீர்ப்பு.

ஊத்துங்குறது மணல்ல பொம்பளைங்க தோண்டுற நல்லதண்ணிக் குழி. சுத்துவட்டாரத்துல வேற தண்ணி இல்ல. அதுக்குக் காவல் மீராசா காக்காவோட பொஞ்சாதி பாத்துமுத்து, தெக்குத்தெருவுல காக்கான்னா அண்ணன். அகப்பையோட நின்னான்னா ராசாவே வந்தாலும் வரிசையிலதான் நிக்கணும். சிலுவைப் படைத் தலைவனுக்கு இரும்புல ஒரு கவுத்துப்போட்ட சட்டி மாதிரி தொப்பி, அதனால சட்டித்தொப்பின்னு பேரு வச்சோம். அந்தப் பக்கத்துத் தலைவருக்குப் பச்சத்தலப்பா. ரெண்டு பேரும் அந்தச் செவுத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாங்க. எண்ணூறு வருசத்துல உன் முறை வரட்டும், அதுவரைக்கும் சும்மா இருன்னு யாரும் அவங்ககிட்ட சொன்னதே இல்ல போல. தலைய ஆட்டிட்டு, ஆளுக்கொரு பக்கமா, கரையோட வடகோடியில சிலுவைக் கூட்டமும் தெங்கோடியில பிறைக் கூட்டமும் பனைநெழல்ல போயி உக்காந்துட்டாங்க.

பிரகாசி வலை பதினஞ்சாவது, அதனால பதினாறாவதான அவங்க முதல் முறை மறுநாளே வந்துச்சு. வெள்ளிக்கிழமை. தெக்குப்படை தொழப் போயிருச்சு. வெள்ளிக்கிழமை விழுந்தா கிறிஸ்தவ வலைகிட்ட மாத்திக்கணும், ஆனா சண்டை ரெண்டு பேருக்கும் சொந்தமாச்சே, அது யாருகிட்ட போயி மாத்தும்? ஒத்தக்கையில தட்ட முடியாம வடக்குப்படை கத்திய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. இஞ்ஞாசி போயி சண்டைக்கு நேரா ஒரு கோடு போட்டாரு. ஒரு முறை தவறிருச்சு.

அடுத்த முறைக்குள்ள ஊரு பழகிருச்சு. கிராம அதிகாரி வந்து பேரு விவரம் எழுதுனாரு, தொழில்ங்குற எடத்துல சண்டைன்னு போட்டுட்டு, நிரந்தரமா தற்காலிகமான்னு கேட்டாரு. சாமியார் வடக்குப்படையப் பூசைக்குக் கூப்பிட்டாரு, வந்தாங்க, பிரசங்கம் ஆரம்பிச்சதும் தூங்கிட்டாங்க, அதுல அவங்க அப்பவே நம்ம ஊர்க்காரங்க ஆயாச்சு. லெப்பை தெக்குப்படையப் பள்ளிக்குக் கூப்பிட்டாரு, வந்து தொழுகையில சஜ்தான்னு தரையில தலைய வச்சவங்க எடுக்கவே இல்ல, கொறட்டை கேட்டுச்சு. பொம்பளைங்க கருவாடு காயப்போட்டா காக்கா வெரட்ட ஒரு வீரன் நின்னான், ஈட்டி இருக்குல்ல. தமிழும் வந்துச்சு, முதல்ல வசவு, அப்புறம் தண்ணி, அப்புறம் கஞ்சி, அதுக்கப்புறம் மத்தது, நாமளும் அந்த வரிசையிலதான படிச்சோம். ஆனா கயித்துல மட்டும் கை போடமாட்டாங்க. கயிறு பிடிக்கிறது கூலிக்காரன் வேலை, நாங்க பட்டணம் பிடிக்கிறவங்கன்னு வீராப்பு. வலை கெடக்கும்போது கோடியில தள்ளி நின்னுக்குவாங்க. இஞ்ஞாசி அதையும் எங்கயோ எழுதி வச்சிருந்தாரு.

பிரகாசி மட்டும் பழகல. கொட்டகையில உக்காந்து கிழிஞ்ச வலையோட பீத்தக்கண்ணத் தைச்சுக்கிட்டே இருந்தா. அஞ்சாம் நாளு ஒரு கெழட்டு வீரன் வந்து எதுத்தாப்புல உக்காந்தாரு. அவரு படையில இரும்பு வளையச் சட்டைக்கு வளையம் கோக்குறவரு, வளையக்காரர். எண்ணூறு வருசமா வெட்டுன சட்டையப் பின்னிப் பின்னி வெரலு வளையமாவே வளைஞ்சிருந்துச்சு. அவ கையையே பாத்தாரு, ஒரு வலை ஊசிய எடுத்தாரு, தைக்க ஆரம்பிச்சாரு. முடிச்சு நம்ம முடிச்சு இல்ல, குண்டா ஒரு மாதிரி இருந்துச்சு, ஆனா இழுத்துப் பாத்தா அசையல. தன் சட்டையக் கழட்டிப் பனைமட்டையில மாட்டுனவரு அதத் திரும்ப எடுக்கவே இல்ல, காக்கா கூடு கட்டிருச்சு.

அப்படியும் பதினாறு நாள்ல பாதி வலைதான் தேறுச்சு. சனிக்கிழமை அவ முறை, ரெண்டாவதும் போச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை சண்டையோட முறை, வடக்குப்படை பூசைக்குப் போயிருச்சு, அதுக்கும் ரெண்டு போச்சு. இஞ்ஞாசி செவுத்துல பிரகாசிக்கு ரெண்டு கோடு, சண்டைக்கு ரெண்டு கோடு, கீழயும் மேலயுமா.

அடுத்தது திங்கக்கிழமை அவளுக்கு, செவ்வாக்கிழமை சண்டைக்கு. இதுல விட்டா அவளுக்கு வேற நாள் இல்ல. அவளும் வளையக்காரரும் தின்ன நேரம் போக மத்த நேரமெல்லாம் தைச்சாங்க. ஒருநாள் எந்த ஊருய்யா உனக்குன்னு கேட்டிருக்கா.

"பேரு மறந்துருச்சு ஆத்தா. வாசல்ல ஒரு அத்திமரம் நிக்கும். அதுக்குக் கீழ ஒரு தடவ உக்காரணும்னுதான் கூடவே வந்தேன்."

எந்தப் படை உன் படைன்னு கேட்டதுக்கு ரெண்டு கோடியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் ஊசியில நூலு கோத்தாரு.

திங்கக்கிழமை விடிஞ்சதும் பிரகாசி கொட்டகைக்கு வந்தா. வலை முழுசா முடிஞ்சு குவிஞ்சு கெடக்கு. வளையக்காரர் அதுல சாஞ்சு உக்காந்திருக்காரு, கையில ஊசி, கடைசி முடிச்சோட நூலு வெரல்லயே சுத்தியிருக்கு. தொட்டுப் பாத்தா. சில்லுன்னு இருந்துச்சு. கத்தி படல, அம்பு படல, யாரும் வெட்டல, மனுசன் அசதியிலயே போயிட்டாரு. பொழுது அடைஞ்சா எந்திரிக்கிற சாவு இல்ல இதுன்னு அவளுக்குப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, கஸ்பார் முகத்துல இருந்த அதே அமைதி.

பின்னாலயே மீராசா காக்கா வந்தாரு, அவரு தோணி ஓட்டுற தண்டல், வலை விடப் போறவரு. வந்தவரும் பாத்துட்டாரு. ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் இல்ல. அவரு கடலப் பாத்தாரு, சாளை கூட்டமாத் தண்ணியக் கருக்கிட்டு நிக்கிறது கரையில இருந்தே தெரியுது.

"தங்கச்சி, ஒரு ஓலைப்பாயப் போட்டு மூடு. தூங்குறாருன்னு இருந்துட்டோம்னு சொல்லிக்கலாம். பத்து மணிக்கெல்லாம் மடி ஏறிரும்."

பிரகாசி பாயத் தொடல.

"சாஞ்சு உக்காந்திருக்காரு காக்கா. வலைய உருவுனா கீழ விழுந்துருவாரு. அவரு முதுகுக்குப் பின்னால இருந்து உருவ எனக்குக் கை வரல."

நேராப் போயி செவுத்தோரமாக் கம்பத்துல இருந்த கொடிய எறக்கிட்டா. எங்க ஊர்ல கொடி எறங்குனா சாவு. அன்னைக்குக் கடல் மூடியாச்சு.

ஊரு கூடிருச்சு. வெளியூர்க்காரன் செத்தா கரை மூடணுமான்னு ஒருத்தன் கேட்டான். ஊத்துத் தண்ணி குடிச்சவன், வலையில கை வச்சவன், அவன் கரைக்காரன்தான்னு இஞ்ஞாசி சொல்லிட்டாரு. அப்புறம்தான் பெரிய பஞ்சாயத்து, எங்க பொதைக்கிறது. ரெண்டு படையும் வந்து நின்னுச்சு. எண்ணூறு வருசத்துல நெசமாச் செத்த முதல் ஆளு, அத அவங்க பாத்த பார்வைய என்னன்னு சொல்ல, கல்யாணச் சாப்பாட்டப் பந்திக்கு வெளிய நின்னு பாக்குற மாதிரி பாத்தாங்க. அப்புறம் எங்காளுன்னாரு சட்டித்தொப்பி, எங்காளுன்னாரு பச்சத்தலப்பா. சட்டையப் பாத்தா துருவுல அடையாளம் போச்சு, உடம்பப் பாத்தா ரெண்டு பக்கத்துக் கத்தித் தழும்பும் இருக்கு. வேற ஒண்ணப் பாத்துத் தெரிஞ்சுக்கலாமேன்னு நீங்க நெனைக்கிறது எனக்குத் தெரியுது, பிரகாசி போத்துன சேலைய ஒருத்தரையும் தூக்க விடல. கொட்டகைக்குப் பின்னால, அலை ஏறாத மேட்டுல பொதைச்சாங்க. சாமியார் ஒரு பக்கம் நின்னு ஓதுனாரு, லெப்பை ஒரு பக்கம் நின்னு ஓதுனாரு, எதுக்கு எது கேக்குமோ கேட்டுக்கட்டும்.

மண்ணு தள்ளுனதும் சட்டித்தொப்பி சொன்னாரு, நாளைக்கு எங்க முறை, நாளைக்கு அடிச்சு முடிவு கட்டுறோம், செத்தவன் யாருன்னு. பச்சத்தலப்பாவும் ஆமான்னாரு. எண்ணூறு வருசம் கழிச்சு அவங்களுக்குப் புதுசா ஒரு காரணம் கெடைச்சிருச்சு. ஒருத்தனும் கொட்டாவி விடல.

இப்ப கணக்கப் பாத்துக்கங்க. சாவு விழுந்ததால பிரகாசி முறை செவ்வாக்கிழமைக்குத் தள்ளுது. அதே செவ்வாக்கிழமைதான் சண்டைக்கு. ரெண்டுக்கும் ரெண்டு கோடு விழுந்தாச்சு, மூணாவதுல எது கரையப் பிடிக்கலையோ அது போச்சு. ரெண்டு முறையும் ஒரே நாள்ல விழுந்தா என்ன பண்றதுன்னு கேட்டா, எவன் முதல்ல எறக்குறானோ அவனுக்கு நாளுன்னு இஞ்ஞாசி மூக்க உறிஞ்சிக்கிட்டுச் சொன்னாரு. சிரிக்காத மனுசன், அன்னைக்கு உதட்டோரம் என்னமோ அசைஞ்சுச்சுன்னு பாத்துமுத்து சத்தியம் பண்ணுவா.

செவ்வாக்கிழமை விடியுது. ஊர்க்காரன் ஒருத்தன் வரல, கத்திக்கு நடுவுல யாரு போயி கயிறு இழுக்குறது, எல்லாம் பனைமரத்துக்குப் பின்னால. வடகோடியில வடக்குப்படை எந்திரிச்சு இடுப்பக் கட்டுது, தெங்கோடியில தெக்குப்படை கட்டுது. நடுவுல பிரகாசி வலைய ஒத்தையாத் தோணியில ஏத்துறா, மீராசா காக்கா ரெண்டு பேர வச்சுத் துடுப்புப் போடுறாரு. ரெண்டு படையும் ஒரு அடி எடுத்து வைக்கிறதுக்கு முன்னாலயே வலை தண்ணியில எறங்கிருச்சு.

அவ முதல் கயித்தோட நுனிய இழுத்துக்கிட்டு வடக்க நடந்தா. போயி சட்டித்தொப்பி காலடியில போட்டா. தோணி கடல வட்டமடிச்சுத் தெக்க வந்து, மீராசா காக்கா இன்னொரு நுனியப் பச்சத்தலப்பா காலடியில போட்டாரு. இம்புட்டு நாளும் வலை நடுக்கரையிலதான் எறங்கும், அன்னைக்கு அவரு தோணிய ரெண்டு கோடிக்கும் எட்ட விட்டுக்கிட்டு வந்திருந்தாரு, அது யாரு சொல்லிக் குடுத்ததுன்னு நான் சொல்லமாட்டேன், மூக்க உறிஞ்சுறவரு இன்னும் உயிரோட இருக்காரு.

கடல்ல நீரோட்டம் பிடிச்சு வலைய இழுக்குது. கயிறு மணல்ல பாம்பு மாதிரி ஊருது. வடக்குப்படை பாத்துச்சு, கயித்தோட அந்த நுனி எங்க இருக்கு, எதிரி காலடியில இருக்கு. தெக்குப்படையும் அதையேதான் பாத்துச்சு. கயிறு தன் பக்கத்துல இருந்து போகுதுன்னா எதிரி இழுக்குறான்னுதான அர்த்தம். கடல்தான் இழுக்குதுன்னு எண்ணூறு வருசம் மலையிலயும் மண்ணுலயும் திரிஞ்சவனுக்கு எப்படித் தெரியும். ஒருத்தன் கத்தியப் போட்டுட்டுக் கயித்தப் பிடிச்சான், இன்னொருத்தன் பிடிச்சான், நூறு பேரும் பிடிச்சாங்க, அங்கயும் நூறு பேரும் பிடிச்சாங்க. எங்க ஊரு வலைய முப்பது பேரு இழுப்போம், அத இருநூறு பேரு வைராக்கியத்துல இழுத்தா எப்படி இருக்கும். பனைக்குப் பின்னால நின்னவன் ஒருத்தன் பொறுக்க மாட்டாம 'ஏலேலோ'ன்னு எடுத்துக் குடுத்தான், அவ்வளவுதான், ரெண்டு படையும் அந்தத் தாளத்துலயே இழுக்குது, கயிறு ஏற ஏற இவங்க தெக்க நகருறாங்க, அவங்க வடக்க நகருறாங்க, ஜெயிச்சுக்கிட்டே வர்றோம்னு ரெண்டு பக்கமும் நெனைக்குது, ஒரு அடி ஜெயிச்சா ஒரு அடி எதிரிக்குப் பக்கத்துல வருது.

மடி கரை தட்டுச்சு. பாதி கடலே உள்ள இருக்குற மாதிரி சாளை, வெள்ளிய உருக்கி ஊத்துன மாதிரி. அம்புட்டுக் கனத்துக்குப் பழைய வலைன்னா கிழிஞ்சிருக்கும். வளையக்காரர் போட்ட அந்தக் குண்டு முடிச்சு ஒண்ணுகூட விடல. இந்தப் பக்கம் சட்டித்தொப்பி, அந்தப் பக்கம் பச்சத்தலப்பா, நடுவுல மடி, ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது, மூக்குக்கு மூக்கு ஒரு மொழம். கத்தி ரெண்டும் ஒரு பர்லாங்கு தூரத்துல மணல்ல கெடக்கு.

"யாரு ஜெயிச்சது ஆத்தா?" சட்டித்தொப்பி கேட்டாரு.

"மீனு ஏறிருச்சு," பிரகாசி சொன்னா. "கூடைய எடு."

இஞ்ஞாசி செவுத்துக்குப் போனாரு. பிரகாசி பேருக்கு நேரா இருந்த ரெண்டு கோட்டையும் எச்சி தொட்டு அழிச்சாரு. சண்டைக்கு நேரா மூணாவது கோட்டப் போட்டு, அந்தப் பேரையே மொத்தமா அடிச்சு விட்டாரு, சண்டைக்கு உரிமை போச்சு. பச்சத்தலப்பா வந்து அந்தக் கோட்ட வெரலால தொட்டுப் பாத்தாரு. எங்க அவருக்குக் கோவம் வரப்போகுதோன்னு ஊரு ரெண்டடி பின்னால தள்ளி நின்னுச்சு.

"அப்ப நாளைக்கு நாங்க என்ன செய்யிறது?"

"நாளைக்கு சேகுனாவோட வலை," இஞ்ஞாசி சொன்னாரு. "கை போட்டா பங்கு."

பங்கு பிரிச்சாங்க. இருநூறு பேருக்கும் பங்கு, கை போட்டாங்கள்ல. பனைக்குப் பின்னால நின்னவனுக்கு இல்ல, ஏலேலோ சொன்னவனுக்கு மட்டும் ஒரு கை. வளையக்காரருக்கு ஒரு பங்கு எடுத்து பிரகாசி அந்த மேட்டுல வச்சுட்டு வந்தா, காக்கா தின்னுட்டுப் போச்சு, அவரு சட்டையில குடியிருக்குற காக்காதான்.

பொழுது அடையுற நேரம். வழக்கமா அடிபட்டதெல்லாம் ஆறிப்போற நேரம். கயிறு இழுத்ததுல அத்தன பேரு உள்ளங்கையும் கொப்புளிச்சுத் தோலு உரிஞ்சிருந்துச்சு, மணல்ல உக்காந்து கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சூரியன் எறங்குச்சு. எரிச்சல் போகல. கொப்புளம் அப்படியே இருந்துச்சு. சட்டித்தொப்பி தன் கையப் பச்சத்தலப்பாகிட்ட நீட்டிக் காட்டுனாரு. அவரு தன் கையக் காட்டுனாரு. பெறகு அங்கனயே, மீன் செதிலுக்கு நடுவுல, சரிஞ்சு படுத்துத் தூங்கிட்டாங்க. பாத்துமுத்து தேங்கா எண்ண எடுத்துட்டு வந்து ஒவ்வொரு கையிலயா தடவிவிட்டுக்கிட்டே போனா. இது ஆற ஆறு நாளு ஆகும்யான்னு சொன்னா, ஒருத்தனுக்கும் கேக்கல.

சட்டித்தொப்பி தலையில இருந்த அந்த இரும்புத் தொப்பிய இப்ப மீராசா காக்கா தோணித் தண்ணி எறைக்க வச்சிருக்காரு, வந்தா காட்டுறேன்.

கதை முடிஞ்சுச்சு, எந்திரிக்காதீங்க. எங்க கரையில ஒரு சட்டம் உண்டு, கை போட்டவனுக்குப் பங்கு குடுக்கணும். காது போட்டவன் பங்கு குடுத்துட்டுத்தான் போகணும். தலைக்கு ரெண்டு சாளைக்கருவாடு, ஒரு வெத்தலை, பாக்கு தனி. கருவாடு இல்லாதவன் செருப்ப விட்டுட்டுப் போலாம், ஆனா இடது வேணாம், அது என்கிட்ட ஏகப்பட்டது கெடக்கு.